மனவுறுதி தோற்கும் இடம்
மாணவர்களே, "இன்னும் ஒன்றே ஒன்று" என்று சொல்லியே சிப்ஸ் பொட்டலத்தைக் காலி செய்ததுண்டா? (ஆசிரியர் அறையிலும் இது நடக்கும்!) உங்களையே திட்டிக்கொள்ளும் முன் இதைக் கேளுங்கள்.

அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தின் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்து ஆராய்ந்தனர். முடிவு 2019இல் வெளிவந்தது. இரண்டு வாரம் ஆலைகளில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய சமம். வேண்டிய அளவு உண்ணலாம்.

ஆலை உணவு தந்தபோது நாளுக்குச் சுமார் 500 கிலோகலோரி கூடுதலாக உண்டனர். எடையும் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. ஆட்கள் அதே 20 பேர். மனவுறுதியா மாறியது? உணவுதான் மாறியது. அதை அவர்கள் வேகமாகவும் உண்டனர். குடலின் 'போதும்' என்ற செய்தி மூளையை எட்டச் சற்று நேரமாகும். அதற்குள் தட்டு காலி.

இன்று சிப்ஸைச் சிறு கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு, மீதியை அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.