வாழை வாடல்: மழைக்கு முன்பே மண்ணைத் தயார் செய்யுங்கள்

வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். ரஸ்தாலியும் கற்பூரவல்லியும் வைத்திருப்பவர்கள் அதற்குள் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் ஏற்றிய தொழு உரத்தை மரத்தடியில் சேர்த்துவிட வேண்டும். அது பதமாக 15 நாள் பிடிக்கும். ஆகவே இந்த வாரமே கலவை போடுங்கள்.

வாடலை உண்டாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சாணம், வாழையே இல்லாத மண்ணிலும் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மழைத்தண்ணீரிலும், மண்வெட்டியில் ஒட்டிய சேற்றிலும், கன்றின் கிழங்கிலும் அது இடம் மாறும். வேர் வழியே ஏறி, நீர் போகும் குழாய்களை அடைத்துவிட்டால் எந்த உயிர் உரமும் அந்த மரத்தைக் காப்பாற்றாது. மஞ்சளடித்த மரத்துக்குப் பொடி வாங்கி ஊற்றிப் பணத்தை விடாதீர்கள். நோய் வருமுன் வேரைச் சுற்றி இடம் பிடித்தால்தான் டிரைக்கோடெர்மாவால் ஃபியூசேரியத்தின் இழைகளை வளைத்துக் கரைத்துத் தின்ன முடியும். சூடோமோனாஸ் பாக்டீரியாவோ மண்ணிலுள்ள இரும்புச் சத்தைத் தன்வசம் பிடித்துக்கொண்டு பூஞ்சாணத்தைப் பட்டினி போடும். அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் பயிருக்குச் சத்து சேர்க்கும், அவ்வளவுதான். வாடலுக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

ஏக்கருக்கு நன்கு மட்கிய தொழு உரம் 100 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா 1 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் சாணம் கூடாது, அதன் சூட்டில் உயிரி செத்துவிடும். மூன்றையும் நிழலில் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவுக்குத் தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கால் மூடுங்கள். நாலைந்து நாளைக்கு ஒருமுறை கிளறி, காய்ந்த இடத்தில் மீண்டும் தெளியுங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம் படர்ந்தால் கலவை நன்றாக வந்திருக்கிறது.

மண்ணில் ஈரம் இருக்கும்போது, வெயில் தாழ்ந்த பிறகு, தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி மரத்துக்கு இரண்டு கை அளவு போட்டு மண்ணால் மூடுங்கள். ஆழமாகக் கொத்தக் கூடாது. அறுபட்ட வேர்தான் பூஞ்சாணத்துக்கு வாசல். கார்பன்டாசிம் ஊற்றிய தோட்டத்தில் இதை உடனே போடுவது வீண், அந்த மருந்து டிரைக்கோடெர்மாவையும் கொல்லும். குறைந்தது 15 நாள் இடைவெளி விடுங்கள். கடையில் பொட்டலம் வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயிலில் அடுக்கி வைத்திருந்த சரக்கைத் தொடவே வேண்டாம்.

காவிரி, கொள்ளிடப் படுகைகளில் இப்போது நடவு செய்பவர்களுக்கு வாய்ப்பு இன்னும் நல்லது. நோயில்லாத தோட்டத்திலிருந்து ஈட்டி இலைக் கன்றாக எடுத்து, வேரையும் அழுகலையும் சீவி, கிழங்கைச் சேற்றுக் குழம்பில் முக்கி, கன்றுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் பொடி தூவி நடுங்கள். இந்தச் சின்ன வேலையைச் சோம்பலில் விடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பின்னால் எத்தனை மூட்டை கொட்டினாலும் இதற்கு ஈடாகாது.

வடிகாலை மறக்காதீர்கள். நோய் மரத்தடியில் தேங்கிய தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாதபடி வாய்க்காலைத் திருப்புங்கள்.

அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கினால் கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். செம்பழுப்பு வளையமோ புள்ளிகளோ இருந்தால் வாடல் என்று கொள்ளலாம். அந்த மரத்தைக் கிழங்கோடு தோண்டி, அங்கேயே காயவைத்து எரியுங்கள், வாய்க்காலில் தள்ளாதீர்கள். குழியில் 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு போடுங்கள். வெட்டிய அரிவாளையும் மண்வெட்டியையும் கழுவாமல் அடுத்த மரத்துக்குப் போக வேண்டாம்.

அந்த இடத்தில் மறுபடியும் ரஸ்தாலி வேண்டாம். தண்ணீர் வசதி இருந்தால் நெல் போட்டு எடுங்கள். பிறகு வாழைதான் வேண்டும் என்றால் பூவன் வையுங்கள், ரஸ்தாலியைவிட அது இந்த நோயைத் தாங்கும்.