காய்ச்சல் வந்த வீடு எது? நோய் பரவும் வழியை அறிவோம்

ஊர் திரும்பியதும் கிணறு இறைப்பது, கூரை போடுவது, காணி துப்புரவாக்குவது என்று நாட்கள் ஓடிவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், மழையில் நனைந்ததால் வந்தது என்று இருந்துவிடுவோம். ஆனால் அது டெங்குவாக இருந்தால், அந்த ஒரு காய்ச்சலைச் சரியான இடத்தில் தெரிவிப்பது அயலையும் காப்பாற்றும்.

நோய் எப்படி ஊருக்கு ஊர் போகிறது?

டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் நுளம்பு அதிக தூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் சில நூறு மீற்றருக்குள்ளேயே அதன் வாழ்க்கை முடிந்துவிடும். கிருமியைத் தூரத்துக்குக் கொண்டுபோவது மனிதர்களே. காய்ச்சலோடு ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்குகிறார். இங்குள்ள நுளம்பு அவரைக் குத்துகிறது. ஏறக்குறைய 8 முதல் 12 நாட்களின் பின் அதே நுளம்பு அயலவருக்கு நோயைக் கொடுக்கிறது.

சிக்குன்குனியா இலங்கைக்கு வந்ததும் இப்படித்தான். 2004இல் கென்யாவின் கரையோரத்தில் அது பரவியது. 2005இல் கொமொரோஸ் தீவுகளுக்கும் றியூனியன் தீவுக்கும் போனது. 2006இல் இந்தியாவில் பரவி, அந்த ஆண்டின் இறுதியில் மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம், புத்தளம், கொழும்பு வரை வந்துவிட்டது. நோயாளி எங்கே இருந்தார், எப்போது காய்ச்சல் வந்தது என்று குறித்து வைத்ததாலேயே இந்த வழி தெரியவந்தது.

எமது நாட்டில் எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

டெங்கு, சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய். சந்தேகம் ஏற்பட்டதுமே வைத்தியசாலை, நோயாளியின் பெயரையும் விலாசத்தையும் அப்பகுதி சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கும். பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த வீட்டுக்கு வருவார். சுற்றியுள்ள வளவுகளிலும் நுளம்பு பெருகும் இடங்களைத் தேடுவார். இந்தக் கணக்குகள் வாராவாரம் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும்.

விலாசம் பிழைத்தால் என்ன நடக்கும்?

மீள்குடியேறிய ஒரு தாய் தன் மகனை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறார் என்று வையுங்கள். அட்டையில் உள்ளபடி, முன்பு தங்கியிருந்த உறவினர் வீட்டு விலாசத்தைக் கொடுக்கிறார். பரிசோதகர் அங்கே போகிறார். அங்கே நோய் இல்லை. இங்கே பக்கத்து வீட்டில் அடுத்த பிள்ளை காய்ச்சலில் விழுகிறது. கணக்கில் இந்த ஊரின் பெயரே இல்லை. ஆகவே, உங்கள் பதிவு எங்கே இருந்தாலும், இப்போது நித்திரை கொள்ளும் வீட்டையே சொல்லுங்கள். வீட்டு இலக்கம் இல்லாவிட்டால் கிராம அலுவலர் பிரிவையும், அருகிலுள்ள கோயில், பாடசாலை அல்லது சந்தியையும் சொல்லுங்கள். கடந்த இரு வாரங்களில் போய்வந்த இடங்களையும் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கொண்டுவந்த பரல், வாளி, ரயர் ஆகியவற்றின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். நுளம்பு முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும்.
2. தண்ணீர்த் தொட்டியை மூடிவையுங்கள். தறப்பாள் மடிப்பு, சிரட்டை, யோகட் கோப்பை ஆகியவற்றில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது ஊற்றிவிடுங்கள்.
3. ஆளில்லாத வளவுகளைப் பற்றிப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதியாகத் தெரியாத காணிக்குள் துப்புரவு செய்ய இறங்க வேண்டாம்.
4. காய்ச்சலுக்கு, வைத்தியர் சொன்ன அளவில் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், புரூபன் கொடுக்க வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.
5. காய்ச்சல்காரரைப் பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்க வையுங்கள்.

தாமதிக்க வேண்டாம்

காய்ச்சல் குறையும் நேரமே டெங்குவில் ஆபத்தான நேரம். கடும் வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, இரத்தக்கசிவு, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கலந்துரையாடுவோம்

* எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் யார்? அவரை எங்கே சந்திக்கலாம்?
* வைத்தியசாலையில் கேட்டால், எங்கள் வீட்டுக்கு வரும் வழியைப் பிள்ளைகளாலும் சொல்ல முடியுமா?