நிலைவினையும் இயக்கவினையும்

கல்மண்டபம் தொடங்கித் துறைமுகம்வரை உள்ள சரக்கு அலுவலகங்களுக்கு விண்ணப்பம் எழுதும் நம் இளைஞர் சிலர், ‘எனக்குக் கணக்குத் தெரியும்’ என்பதை ‘ஐ ஆம் நோயிங் அக்கவுண்ட்ஸ்’ என்று ஆங்கிலப்படுத்துகின்றனர். படிப்பவர் நகைப்பர், விண்ணப்பமும் ஒதுங்கும். இந்நகைப்புத் தமிழரை மட்டும் பற்றியதன்று. ஆங்கிலத்தில் எழுதிய இந்தியக் கவிஞர் நிஸிம் எஸெக்கியேல் 1976-இல் வெளியிட்ட தொகுப்பில் இவ்வழக்காலேயே பின்னிய பாட்டொன்று உண்டு.

ஆங்கிலத்தில் ‘ரைட்’, ‘லிஃப்ட்’ முதலியன செயலை உணர்த்தும் இயக்கவினைகள். செயல் நிகழ்ந்துகொண்டிருப்பதைக் காட்ட ‘இங்’ ஏற்கும். ‘நோ’, ‘ஓன்’, ‘பிலாங்’ முதலியன நிலையை உணர்த்துவன; அவை பொதுவாக அவ்விகுதியை ஏலா. நமக்கோ ‘கிறேன்’ என்பதற்கு நேர் ‘இங்’ என்றே கற்பிக்கின்றனர். ‘எழுதுகிறேன்’, ‘நம்புகிறேன்’ என இரண்டிற்கும் ‘கிறு’ பொதுவாதலின் இடர் ஆங்கே விளைகின்றது.

நன்னூலார் வகுத்த தெரிநிலையும் குறிப்பும் இவையே அல்லவோ எனின், அன்று. அப்பகுப்புக் காலங்காட்டுதல் பற்றியது. ‘நடந்தான்’ என்பது காலத்தை வெளிப்படக் காட்டும். ‘கரியன்’ என்பது குறிப்பாற் காட்டும். அறிதல் நிலையேயாயினும் ‘அறிந்தான்’ தெரிநிலையாதல் காண்க. ‘உடையன்’ போல்வன மட்டும் ஆங்கில நிலைவினையோடு ஒத்து நடக்கும்.

நம் மொழியில் இதற்கு அண்மையான அடையாளம் நான்காம் வேற்றுமையில் உள்ளது என்பது நம் கருத்து. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் புரியும்: இவற்றில் ‘நான்’ ஒன்றையும் செய்யவில்லை, அறிவும் விருப்பும் எனக்கு உளவாகின்றன. ‘எனக்கு’ வருமிடத்துப் பெரும்பாலும் ‘இங்’ வாராது. இவ்வழி ‘நம்புகிறேன்’ என்பதற்கு உதவாது. எனினும் நீண்ட பட்டியலை மனனஞ்செய்து மறப்பதினும் இது நன்று.

ஒரே சொல் இருவகையும் ஆதலுமுண்டு. இரண்டு லாரி உடையேமாயின் ‘வி ஹேவ்’. பகலுணவு உண்ணுங்கால் ‘வி ஆர் ஹேவிங்’. 1856-இல் திறக்கப்பெற்ற இராயபுரம் இரயில் நிலையம் ‘ஸ்டாண்ட்ஸ்’. அதன் வாயிலிற் காத்து நிற்பவன் ‘இஸ் ஸ்டாண்டிங்’. தமிழில் இரண்டும் நிற்கின்றன. நிலையத்திற்கும் ‘ஸ்டாண்டிங்’ என்றால், அதுவும் சற்று நேரத்தில் வேறிடம் பெயரும் போலும் என்று ஆங்கிலேயர் எண்ணக்கூடும்.