காயப்பட்ட முயல்குட்டியும் நம் கையிலுள்ள அமானிதமும்

 

சென்ற மாதம் ஒரு சகோதரி நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு கேள்வியோடு வந்தார். பக்கத்து வீட்டில் ஒரே கூண்டில் வளர்ந்த முயல்களில் பெரியது ஒன்று, மூன்று மாதக் குட்டியைக் கடித்துக் காதையும் முதுகையும் கிழித்துவிட்டது. கால்நடை மருத்துவர் காயத்தைச் சுத்தம் செய்து மருந்து கொடுத்திருக்கிறார். குட்டியைத் திரும்பவும் அதே கூண்டில் விட அந்த வீட்டாருக்கு அச்சம். யாராவது எடுத்துக்கொண்டால் நல்லது என்கிறார்கள். சகோதரியின் மகளோ அதை வாங்கித் தரும்படி உம்மாவை நச்சரிக்கிறாள். மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா? குட்டி தேறுமா? நம்மால் பார்த்துக்கொள்ள முடியுமா?

பெருநாள் காசில் சந்தையில் ஜோடி முயல் வாங்கும் பிள்ளைகள் நம் மஹல்லாவில் பலர் உண்டு. ஆகவே பதிலை எல்லோருக்குமான பாடமாகவே எழுதுகிறோம்.

மார்க்கம் காட்டும் வழி

முயல் இறைச்சி ஹலால். மக்காவுக்கு அருகில் மர்ருள் ளஹ்ரான் என்ற இடத்தில் அனஸ் (ரலி) அவர்கள் ஒரு முயலைப் பிடித்து வந்தார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்கள் அதை அறுத்து, தொடைப்பகுதியை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்பினார்கள். நபியவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. இதைக் கொண்டு, "அறுத்துச் சாப்பிடும் பிராணிக்கு வைத்தியம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அறுக்க அனுமதி இருப்பதால், உயிரோடு இருக்கும்வரை அதை வேதனையில் விட்டுவிட அனுமதி கிடைத்துவிடாது. அறுக்கும் நேரத்திலும் கத்தியைக் கூர்மையாக்கி, பிராணியின் நோவைக் குறைக்கச் சொன்ன மார்க்கம் இது.

செல்லமாக வளர்ப்பதற்கும் ஆதாரம் உண்டு. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடுவார். அந்தப் பறவையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அன்போடு விசாரித்தார்கள். துன்புறுத்தாமலும் உணவு கொடுத்தும் வளர்ப்பதாக இருந்தால் பிள்ளைகள் கையில் பிராணி இருப்பது தவறில்லை என்று உலமாக்கள் இதிலிருந்து விளங்குகிறார்கள்.

பூனையை அடைத்து வைத்து நரகம் சென்ற பெண்ணின் செய்தியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. தானாக இரை தேடிக்கொள்ளவும் விடவில்லை. ஒரு உயிரை நாம் அடைத்து வைத்த நொடியிலிருந்து, அது தனக்காகச் செய்துகொள்ள முடியாமல் போன அனைத்தும் நம் பொறுப்பாகிவிடுகிறது. இதுவே அதில் உள்ள படிப்பினை.

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 660-இல் (கி.பி. 1262) வஃபாத்தானவர்கள். தமது 'கவாஇதுல் அஹ்காம்' நூலில் பிராணிகளுக்கு மனிதன் மீதுள்ள உரிமைகளை அவர்கள் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். பிராணி முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. முட்டியோ காயப்படுத்தியோ துன்பம் தரக்கூடிய இன்னொன்றோடு, அது அதே இனமானாலும் வேறு இனமானாலும், சேர்த்து அடைக்கக் கூடாது என்பது மற்றொன்று. நம் கேள்விக்கு நேரான பதில் இதில் இருக்கிறது. குட்டியைக் கடித்தது முயல்தான். ஆனால் குட்டியை அதன் முன்னால் அடைத்து வைத்தது மனிதக் கை. அந்தக் கடமையை முதலில் வளர்த்தவர் நிறைவேற்றாதபோது, இன்னொருவர் முன்வந்து ஏற்பது நன்மையான செயல். அதே கடமை அப்படியே அவர் தோளுக்கு மாறுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இவை அனைத்தும் வளர்ப்பு முயலுக்கே பொருந்தும். காட்டு முயல் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். அடிபட்ட காட்டு முயலைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

முயல் முயலை ஏன் கடிக்கிறது?

முயலைச் சாதுவான பிராணி என்று நினைக்கிறோம். மனிதரிடம் அது சாதுதான். தன் இனத்தோடு இருக்கும்போது, யார் பெரியவர், எது யாருடைய இடம் என்பதில் அது மிகக் கண்டிப்பானது. சுமார் மூன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் முயல் பருவமடைகிறது. அதுவரை ஒன்றாகப் படுத்த இரண்டு ஆண் முயல்கள் அதன்பின் ஒன்றையொன்று விரட்டும், உரோமத்தைப் பிடுங்கும், காதையும் முதுகையும் பிறப்புறுப்பையும் கடிக்கும், பின்னங்காலால் வயிற்றைக் கிழிக்கும். பெண் முயலும் சினையாக இருக்கும்போதும் குட்டியோடு இருக்கும்போதும் தன் கூண்டுக்குள் வரும் மற்றதைத் தாக்கும்.

திறந்த வெளியில் தோற்ற முயல் ஓடிவிடும். சண்டை அதோடு முடியும். இரண்டடிக் கூண்டில் ஓட இடமில்லை. தோற்றது மூலையில் ஒடுங்கிக் கடிபட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே கடித்த முயலைக் கெட்டது என்று அடிப்பதில் பயனில்லை. கூண்டைப் பிரிப்பதே வழி.

ஏற்கும் முன் கேட்க வேண்டியவை

குட்டியின் வயது என்ன? எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்காதீர்கள். தாயே தாக்கினால் மருத்துவரிடம் கேட்டு நடக்க வேண்டும். ஆணா, பெண்ணா? சிறு குட்டியில் விற்பவரே தவறாகச் சொல்வது சகஜம். மருத்துவரிடம் உறுதி செய்யுங்கள். என்ன மருந்து, எத்தனை நாள்? சீட்டைக் கேட்டு வாங்குங்கள். இதுவரை என்ன சாப்பிட்டது? அதே தீவனத்தைச் சில நாளுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். உணவைத் திடீரென மாற்றினால் முயலுக்குக் கழிச்சல் வரும்.

கடைசிக் கேள்வி நம்மை நோக்கியது. நன்றாகப் பராமரித்த முயல் 8 முதல் 12 ஆண்டு வரை வாழும். இன்று ஐந்தாம் வகுப்பில் இருக்கும் மகள் கல்லூரிக்குப் போகும்போதும் அது இருக்கலாம். அப்போது பார்ப்பது யார்? உம்மாவும் அத்தாவும் 'நாங்கள்' என்று சொல்ல முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

காயத்தைப் பார்க்கும் முறை

முயலின் தோல் மெல்லியது. கடித்த பல்லின் துளை வெளியே சிறிதாகத் தெரியும். உள்ளே ஆழமாக இருக்கும். மேல்தோல் மூடிய பின் சில நாளோ சில வாரமோ கழித்து உள்ளே சீழ்க்கட்டி உருவாகலாம். முயலின் சீழ் பாலாடைக் கட்டிபோல் கெட்டியானது, தானாக வடியாது. வீட்டில் பிதுக்க முயல வேண்டாம், மருத்துவரே அகற்ற வேண்டும். ஆகவே காயம் ஆறிய பிறகும் ஒரு மாதமாவது தினமும் விரலால் தடவி, கட்டி உண்டா என்று பாருங்கள்.

அரை லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஒரு சிறு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சுத்தமான துணியில் நனைத்துக் காயத்தைத் துடைக்கலாம். குட்டியைக் குளிப்பாட்டக் கூடாது. அச்சத்திலும் குளிரிலும் முயல் அதிர்ச்சியாகி இறந்துபோகக் கூடும். டெட்டால், மஞ்சள், எண்ணெய் எதையும் பூச வேண்டாம். பூசியதை அது நக்கிவிடும்.

நம் ஊர் வெப்பத்தில் ஈ பெரிய எதிரி. காயத்திலோ, மூத்திரத்தில் நனைந்த உரோமத்திலோ ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். கூண்டைக் கொசுவலையால் மூடி, காலை மாலை இரு வேளையும் காயத்தையும் பின்பகுதியையும் பாருங்கள். புழுவைக் கண்டால் அடுத்த நாளுக்குத் தள்ளாமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: பிள்ளைக்கு வாங்கி மீதியிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்காதீர்கள். ஆம்பிசிலினும் அப்படியே. நமக்கு உதவும் அந்த மருந்து, முயலின் குடலில் செரிமானத்துக்கு உதவும் நல்ல கிருமிகளை அழித்து, கழிச்சலை உண்டாக்கிக் கொன்றுவிடும். வலி மாத்திரையையும் நாமாகக் கொடுக்கக் கூடாது. முயலுக்குப் பழக்கமான கால்நடை மருத்துவரே மருந்தைச் சொல்ல வேண்டும். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சிகிச்சைப் பிரிவுகளும் இருக்கின்றன.

உணவும் இடமும்

காயத்தைவிட வேகமாக முயலைக் கொல்வது பட்டினி. வலியும் பயமும் உள்ள குட்டி சாப்பிடுவதை நிறுத்தும். குடல் இயங்காமல் நின்றுபோகும். அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசர நிலை. தினமும் தட்டைச் சுத்தம் செய்யும்போது புழுக்கையின் அளவைப் பாருங்கள். மென்மையான ஒருவகைப் புழுக்கையை அது வாயால் எடுத்துத் தின்பது இயற்கை, தடுக்க வேண்டாம்.

உணவில் பெரும்பகுதி புல்லும் உலர்புல்லுமாக இருக்க வேண்டும். அருகம்புல் நல்லது. வளரும் குட்டிக்குக் குதிரைமசால் கொடுக்கலாம். கொத்தமல்லி, புதினா கொஞ்சம். கேரட் இனிப்பானது, ஒரு சிறு துண்டு போதும். சோறு, ரொட்டி, பிஸ்கட், வெங்காயம், பூண்டு கூடாது. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

கூண்டில் புகுந்து ஒளிய ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள். கடிபட்ட குட்டிக்கு அதுவே பெரிய மருந்து. கம்பிவலைத் தரையில் மரப்பலகையோ சாக்கோ விரியுங்கள். 30 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறினால் முயலுக்குச் சிரமம். நிழலான, காற்றோட்டமான இடமும், மேலே ஈரச்சாக்கும், பக்கத்தில் துணி சுற்றிய ஐஸ் தண்ணீர் பாட்டிலும் கோடையில் அவசியம்.

காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கையை நெஞ்சுக்கும் மற்றொரு கையைப் பின்னங்காலுக்கும் கொடுத்துத் தூக்க வேண்டும். திமிறி உதைத்தால் அதன் முதுகெலும்பே ஒடிந்துவிடும். முதல் வாரம் தூக்காமல், பிள்ளை தரையில் அமைதியாக உட்கார்ந்து புல்லை நீட்டட்டும். குட்டி தானாக வரும் நாள் வரும்.

மீண்டும் துணை சேர்க்கலாமா?

அவசரம் வேண்டாம். வீட்டில் வேறு முயல் இருந்தால் குறைந்தது இரண்டு வாரம் வேறு அறையில் வையுங்கள். காயம் முழுவதும் ஆறிய பின், ஒன்றையொன்று கடிக்க முடியாத தூரத்தில் இரு கூண்டுகளை வைத்துப் பழக்கலாம். பிறகு இருவருக்கும் சொந்தமில்லாத புது இடத்தில், நம் கண்முன் சில நிமிடம் விடலாம். விரட்டலும் கடியும் தொடர்ந்தால் பிரித்தே வளர்க்க வேண்டும். ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் சுமார் 31 நாளில் குட்டி போடும். ஒன்றைக் காப்பாற்றப் போய் பத்தை அநாதரவாக்கக் கூடாது. கருத்தடை அறுவை சிகிச்சை பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டு முடிவெடுங்கள். தனித்தனிக் கூண்டு எல்லா மத்ஹபிலும் கூடும்!

செலவு பற்றி ஒரு விளக்கம்

பிராணி வைத்தியத்துக்கு ஜகாத் நிதியிலிருந்து உதவ முடியுமா என்றும் சிலர் கேட்டனர். முடியாது. ஜகாத் யாருக்கு என்பதைச் சூரா தவ்பாவின் 60-ஆம் வசனம் எட்டு வகையாக வரையறுத்துவிட்டது. ஆனால் பொது ஸதகாவிலிருந்து கொடுக்கலாம். தாகித்த நாய்க்குத் தோலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவருக்கு அல்லாஹ் மன்னிப்பு வழங்கிய செய்தியை நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, உயிருள்ள எதற்குச் செய்யும் உதவிக்கும் கூலி உண்டு என்பதையும் விளக்கினார்கள். இயலாத குடும்பத்துப் பிள்ளை இப்படி ஒரு குட்டியைப் பராமரித்தால் மருந்துச் செலவுக்கு அலுவலகத்தை அணுகலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில குட்டிகள் பிழைப்பதில்லை. அதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள். முயற்சி நம்முடையது, ஆயுள் அல்லாஹ்வுடையது. பேச முடியாத ஓர் உயிருக்காக இரு வேளை புல்லும் நீரும் மருந்தும் தவறாமல் வைத்த பிள்ளை, அமானிதம் என்றால் என்ன என்பதைக் கையாலேயே கற்றுக்கொள்கிறது. நம் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு உயிருக்கும் இரக்கம் காட்டும் உள்ளத்தை அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தருவானாக. ஆமீன்.

வீட்டிலும் மக்தபிலும் கலந்து பேச

1. கடித்தது முயல் என்றாலும் பொறுப்பு மனிதனுக்கு ஏன் வருகிறது?
2. ஹலாலான பிராணி என்பதற்கும் அதை நடத்தும் முறைக்கும் உள்ள தொடர்பு என்ன?
3. நம் வீட்டில் கூண்டிலோ கயிற்றிலோ உள்ள பிராணி, தானாகச் செய்துகொள்ள முடியாதவை எவை? அவற்றை இன்று யார் செய்தார்கள்?