வளவில் பறித்து, கொப்பியில் எழுதி: சிக்கன அழகுக் குறிப்புகள்

மாத்தளையிலிருந்து நாலந்தா, தம்புள்ளைப் பக்கம் ஏ-9 வீதியில் போனால் வழியெல்லாம் வாசனைத் தோட்டங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இறங்கி, கற்றாழை, சந்தனம், மரமஞ்சள் என்று சின்னச் சின்னக் குப்பிகளை விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள். அதில் பாதிச் சாமான் நம் வளவிலேயே நிற்கிறது, தோழிகளே. எதைப் பூசலாம், எதை முகத்துக்குக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்தால் போதும், காசும் மிஞ்சும், நேரமும் மிஞ்சும்.

1. கற்றாழை மடலை வெட்டிய கையோடு முகத்தில் தேய்க்காதீர்கள். வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ஒரு கோப்பையில் பத்து நிமிடம் நிறுத்தினால் மஞ்சள் பால் வடிந்துவிடும். அரிப்பைக் கொடுப்பது அந்தப் பால்தான். பிறகு தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றைக் கழுவிப் பூசலாம், மிஞ்சியதை ஐஸ் தட்டில் உறைய வைக்கலாம்.

2. எது புதிதாகப் பூசினாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு அளவு தடவி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பாருங்கள். வளவில் முளைத்தது என்பதற்காக எல்லாருடைய தோலும் ஏற்றுக்கொள்ளாது. கல்யாணத்துக்கு முதல் நாள் புது வேலை எதுவும் முகத்தில் வேண்டாம்.

3. தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கினால் தோல் வெந்து, கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். சாறும் வெயிலும் சேர்ந்து செய்கிற வேலை அது. பிழிந்த தோலை முழங்கை, நகக்கண் கறைக்கு மட்டும் இரவில் தேய்த்து, சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள்.

4. கறுவா, கராம்பு இரண்டும் மாத்தளையின் பெருமைதான், ஆனால் அவற்றின் இடம் சமையலறை. தூளாகவோ எண்ணெயாகவோ முகத்தில் பூசினால் எரிந்து சிவந்துவிடும். சாப்பிட்ட பிறகு ஒரு கராம்பையோ ஏலக்காயையோ வாயில் அடக்கிக்கொள்ளுங்கள், வாய் மணக்க வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

5. இறக்குமதி நின்று 2020இல் மஞ்சள் விலை ஏறிய ஏற்றம் யாருக்கும் மறந்திருக்காது. கடையில் வாங்கிய தூளில் ஒரு தேக்கரண்டியை ஒரு கிளாஸ் தண்ணீரில் கலக்காமல் போட்டு வையுங்கள். நல்ல மஞ்சள் அடியில் படிந்து, மேலே இலேசான மஞ்சள் நிறம்தான் நிற்கும். தண்ணீர் முழுக்கப் பளிச்சென்று நிறம் பிடித்தால் அதை முகத்துக்கும் போடாதீர்கள், கறிக்கும் போடாதீர்கள்.

6. அதைவிட நல்லது, கிழிந்த உரப்பையில் மண்ணும் சாணமும் நிரப்பி நான்கு மஞ்சள் கிழங்கை நட்டுவிடுவது. மழை தொடங்கும்போது நட்டால் எட்டு ஒன்பது மாதத்தில் இலை காய்ந்து சரியும், அப்போது கிண்டலாம். அவித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து இடித்தால் வீட்டுக்கு வேண்டிய தூள் கையில். நடுகையில் சந்தேகம் வந்தால் தூரம் போக வேண்டாம், ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமே மாத்தளையில்தான் இருக்கிறது.

7. முகத்துக்குக் கறி மஞ்சளை விடக் கஸ்தூரி மஞ்சள் நல்லது, கறை அவ்வளவாகப் பிடிக்காது. கறி மஞ்சள்தான் இருக்கிறதென்றால் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம், தயிரிலோ பாலிலோ குழைத்துக்கொள்ளுங்கள். தலையணை உறை மஞ்சளானால் சவர்க்காரம் போட்டு ஈரத்தோடு நல்ல வெயிலில் விரியுங்கள், மஞ்சள் கறையை வெயிலே வெளுக்க வைக்கும்.

8. பாசிப்பயறு திரிக்கக் கொடுக்கும்போது ஒரு சுண்டு கூடுதலாகக் கொடுத்து, அந்த மாவை ஒரு ரின்னில் குளியலறைக்கு ஒதுக்குங்கள். எண்ணெய் வைத்துக் குளிக்கிற நாளில் சவர்க்காரத்துக்குப் பதில் இதுவே போதும். ஈரக் கையை உள்ளே விடாமல் ஒரு காய்ந்த கரண்டியை ரின்னிலேயே போட்டு வையுங்கள், வண்டு வராது.

9. தலைக்கு எண்ணெய் காய்ச்சும்போது கறிவேப்பிலையைக் கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்திவிட்டுப் போடுங்கள். ஈர இலை போட்டால் எண்ணெய் வெடிக்கும், போத்தலில் பூஞ்சணமும் பிடிக்கும். அடுப்பைச் சிறு தீயில் வைத்து, இலை மொறுமொறுவென்று ஆனதும் இறக்கி வடித்துவிடுங்கள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் எண்ணெயை மாற்றிக்கொண்டு இருக்காமல் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள், இரும்புச் சத்துக் குறைவுதான் பல பெண்களுக்குக் காரணம்.

10. றத்தோட்டை, எல்கடுவைப் பக்கம் குளிர் காலையில் தேங்காயெண்ணெய் கட்டியாகிவிடும், அது கெட்டுப்போனதற்கு அடையாளமில்லை. 24 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் உறைவது அதன் இயல்பு. போத்தலை அடுப்பில் காட்டாமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் சற்று நேரம் வைத்தால் உருகிவிடும்.

11. செவ்வரத்தை இலையில் ஒரு பிடியைத் தண்ணீரில் கசக்கினால் கொழகொழவென்று நுரைக்கும். வடித்துத் தலையில் தேய்த்து அலசினால் ஷாம்பூவும் மிச்சம், கண்டிஷனரும் மிச்சம். வடிக்காமல் போட்டால் இலைத் துண்டை முடியிலிருந்து பொறுக்கவே அரை மணி நேரம் போய்விடும்.

12. நம் மாவட்டத்தில் தண்ணீர் இரண்டு விதம். மலைப்பக்கத் தோட்டங்களில் பீலித் தண்ணீர் மென்மையானது, கொஞ்சம் சவர்க்காரத்துக்கே நுரைத்துவிடும். தம்புள்ளை, கலேவலைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கடினம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் முடியிலும் படிந்து பிசுபிசுப்பாக்குகிறது. அங்கே இருப்பவர்கள் ஷாம்பூவை மாற்றி மாற்றி வாங்குவது வீண் செலவு. கூரைத் தண்ணீரை மூடியுள்ள பரலில் பிடித்து, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி எடுத்துக்கொள்ளுங்கள். மழையில்லாத மாதங்களில் ஒரு பெரிய ஜொக்குத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் வினாகிரி கலந்து கடைசியாக ஊற்றி, பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரில் அலசுங்கள். முடி வழுக்கிக்கொண்டு வரும்.

13. பிள்ளைகள் தலையில் பேன் வந்தால் மண்ணெண்ணெய் வைக்கவே கூடாது, தோல் வெந்துபோகும், நெருப்புப் பட்டால் உயிருக்கே ஆபத்து. தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்து, பேன் சீப்பால் வகிடு வகிடாக வாருங்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவை என்று இரண்டு வாரம் விடாமல் வாரினால் பொரித்து வருவதும் போய்விடும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் வார வேண்டும்.

14. மருதோன்றி அரைக்கும்போது வெறும் தண்ணீருக்குப் பதில் ஆறின கடும் சாயத்தண்ணி விடுங்கள், நிறம் நன்றாகப் பிடிக்கும். திருவிழாக் கடைகளில் ஒரு மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கிற ‘கறுப்பு மருதோன்றி’ வேண்டாம். அதில் தலைச்சாய மருந்து கலந்திருக்கக்கூடும். கை கொப்பளித்து, அந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுக்க நிற்கலாம்.

15. மாத்தளை ஒரு காலத்தில் கோப்பி விளைந்த மாவட்டம். 1869இல் இலைத்துரு நோய் வந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் அழிந்த பிறகும் வளவுக்கு நாலு செடி நிற்கத்தான் செய்கிறது. கோப்பி வடித்த சக்கையை எறியாமல் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் சேர்த்துக் காலிலும் முழங்கையிலும் தேய்த்துக் கழுவுங்கள். முகத்துக்கு இது கரடுமுரடு, வேண்டாம்.

16. மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் தேர் ஐந்தும் வீதி வரும்போது வெறுங்காலோடு சுட்ட தாரில் நடப்போம். வீட்டுக்கு வந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைத்து, துடைத்து, எண்ணெய் தடவிப் பழைய காலுறையைப் போட்டுக்கொண்டு படுங்கள். பித்தவெடிப்புக்கும் இதையே ஒரு வாரம் செய்யலாம். நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் ஊறவைக்காமல் கழுவித் துடைத்து, வெடிப்பு ஆழமாக இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

17. கொழுந்து பறிக்கிற, பால் வெட்டுகிற கைகளுக்குக் காலையிலேயே கவனம் வேண்டும். வேலைக்குக் கிளம்புமுன் நகக்கண்ணிலும் விரலிடுக்கிலும் எண்ணெய் தடவிக்கொண்டால் கறை உள்ளே இறங்காது, மாலையில் கழுவினால் வந்துவிடும். விரல் வெடிப்பில் இரவில் வாசலின் வைத்துப் பழைய துணியால் சுற்றிக்கொள்ளுங்கள்.

18. ஒட்டுப் பொட்டு வைக்கிற இடத்தில் அரிப்போ வெள்ளைத் தடமோ தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பொட்டின் பசையில் உள்ள இரசாயனம் சிலருக்குத் தோலின் நிறத்தையே அழித்துவிடும். குங்குமத்துக்கு மாறுங்கள், அதுவும் மஞ்சளில் செய்தது என்று நம்பிக்கையான இடத்தில் வாங்கியதாக இருக்கட்டும். இரவில் பொட்டைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துத் திரும்பத் திரும்ப வைத்துக்கொள்ளும் பழக்கமும் வேண்டாம்.

19. கண்மையை ஒருவருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், அக்கா தங்கைகூடப் பங்கு போடக்கூடாது. திறந்து மூன்று மாதமானதும் பாதி மிச்சமிருந்தாலும் எறிந்துவிடுங்கள். குழந்தைக்கு மை இட்டே ஆக வேண்டுமென்றால் உள்ளங்காலில் இடுங்கள், கண்ணில் வேண்டாம்.

20. வெளிக்காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று, வெயிலுக்கான கிரீம். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாததாகப் பாருங்கள், முகம் கழுத்துக்கு இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூசுங்கள், வெளியிலேயே இருந்தால் இரண்டு மணிக்கொரு தடவை திரும்பப் பூசுங்கள். தேங்காயெண்ணெயோ சந்தனமோ இந்த வேலையைச் செய்யாது. அதுவும் வாங்க முடியாத மாதத்தில் குடையும் நீளக் கையும் நல்ல துணை.

21. செவ்விளநீரை முகத்தில் பூசச் சொல்கிறார்கள். குடித்துவிடுங்கள், வெயிலில் வந்த உடம்புக்கு அதுதான் பலன்.

22. ஷாம்பூ போத்தலும் பக்கெட்டும் எது மலிவு என்று கண்ணால் முடிவு செய்யாமல், விலையை மில்லிலீற்றரால் வகுத்துப் பாருங்கள். பக்கெட்டே மலிவாக இருக்கிற சமயமும் உண்டு. கிரீம் டியூப் தீர்ந்ததென்று எறியுமுன் நடுவில் கத்தரித்துப் பாருங்கள், ஒரு வாரத்துக்கானது உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும்.

23. கிரீம் டப்பாவின் பின்புறம் மூடி திறந்த குப்பி மாதிரி ஒரு படமும் அதற்குள் 6 அல்லது 12 என்று எண்ணும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம்தான் பாவிக்கலாம் என்று அர்த்தம். திறந்த திகதியை அடியில் பேனையால் எழுதிவிட்டால் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை.

24. ஜேம் போத்தலில் எதையும் ஊற்றுமுன் மூடியோடு பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்க வைத்துக் கவிழ்த்துக் காயவிடுங்கள். எண்ணெய் மட்டும் உள்ளது இரண்டு மூன்று மாதம் தாங்கும். தண்ணீர், தயிர், பழம் சேர்ந்தது ஒரு வேளைக்குத்தான், பிரிஜ்ஜில் வைத்தாலும் நாளைக்கு வேண்டாம்.

25. சேலை அடுக்கில் பூச்சி உருண்டைக்குப் பதில் கராம்பு, ஏலக்காய்த் தோல், சாதிக்காய்த் துண்டு சேர்த்துச் சின்னத் துணி முடிச்சாக வையுங்கள். சேலை உடுத்தும்போது சென்ட் தேவைப்படாது. மணம் குறைந்ததும் முடிச்சைக் கையால் நசுக்கினால் மறுபடி மணக்கும்.

26. இப்போது ஒரு கொப்பி எடுங்கள், பிள்ளைகளின் பழைய கொப்பியில் மிஞ்சிய தாள் போதும். எதைப் பூசினீர்கள், எவ்வளவு, யாருக்கு, அடுத்த நாள் எப்படி இருந்தது என்று நான்கு வரி, திகதியோடு. நன்றாக இருந்தது என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே விளங்காது. திரிபிடகத்தை முதன்முதலில் ஏட்டில் எழுதிய அலுவிகாரை நம் ஊரில் இருக்கிறது. வாய்வழியாக வந்த பாட்டி வைத்தியத்தை நாமும் எழுதி வைப்போம்.

27. ஒரு வாரத்தில் ஒரு புதுச் சாமான்தான். மூன்றைச் சேர்த்துப் பூசி முகம் சிவந்தால் எது செய்த வேலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒத்துக்கொள்ளாததைக் கொப்பியின் பின் அட்டையில் சிவப்புப் பேனையால் எழுதுங்கள், மகளோ மருமகளோ அவசரத்தில் பார்த்தாலும் கண்ணில் படும்.

28. தோல் முன்னேறியதா என்று கண்ணாடி சொல்லாது, தினம் பார்க்கிறோமே. மாதம் ஒரு தடவை, அதே ஜன்னலடியில், அதே நேரத்தில், அழகாக்கும் வசதியை நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். பக்கத்து வீட்டுக்குக் குறிப்புக் கொடுக்கும்போது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாததையும் சேர்த்தே சொல்லுங்கள்.

29. தடிப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால், மச்சம் பெரிதானால் அல்லது நிறம் மாறினால், உணர்ச்சியில்லாத வெளிறிய திட்டு தெரிந்தால், வளவு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரச ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். பூசிய கிரீம் டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள், வைத்தியரின் வேலை பாதியாகும்.

30. கடைசியாக, வெள்ளையாக்கும் கிரீம். சில நாளிலேயே நிறம் மாற்றும் கிரீம்கள் சிலவற்றில் இருப்பது பாதரசம். அது தோலோடு நிற்காமல் சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும் போகும், வயிற்றில் இருக்கிற பிள்ளையையும் தொடும். இலங்கையும் சேர்ந்திருக்கும் மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருட்களைச் செய்வதையும் நாடு விட்டு நாடு கொண்டுபோய் விற்பதையும் 2020இலிருந்து தடுத்திருக்கிறது. தயாரித்தவர் பெயரும் சேர்மானமும் இல்லாத டப்பா, மெர்குரி, கலோமல் என்ற சொல் உள்ள டப்பா எதையும் தொடாதீர்கள். அப்படி விற்பதைக் கண்டால் பற்றுச்சீட்டையும் டப்பாவையும் வைத்துக்கொண்டு நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். கல்யாணம் வைத்திருக்கிற வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்: பெண் கறுப்பு என்று யாராவது சொன்னால் அவருக்குப் பதில் சொல்லுங்கள், பெண்ணின் கையில் இந்தக் கிரீமை வாங்கிக் கொடுக்காதீர்கள்.