நோட்டில் எழுதாத செலவு

பிரேசர் டவுனில், மாஸ்க் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஓர் அக்கா தையல் வேலை செய்கிறார். எங்கள் மையத்தில் எழுதப் படிக்கக் கற்றவர். ஒருநாள் அவர் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார்.

"தம்பி, ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். சேரப் பணம் வேண்டாம் என்றார்கள். பொருள் வாங்கினால் போதுமாம். இரண்டு மாதம் ஆயிற்று. கையில் காசு நிற்கவில்லை. கணக்கைப் பார்."

நோட்டில் இரண்டே வரி இருந்தது.

பொருள் வாங்கியது: 4,500 ரூபாய்
விற்றதும் கமிஷனும்: 2,320 ரூபாய்

"வேறு செலவே இல்லையா அக்கா?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். கூட்டத்துக்குப் போக 150 ரூபாய் டிக்கெட். நான்கு கூட்டம் போயிருக்கிறார். பெண்களுக்குப் பஸ் இலவசம்தான். ஆனால் கூட்டம் முடிய இரவு 10 மணி ஆகும். ஆட்டோவில்தான் திரும்ப வேண்டும். வீட்டுக்கு ஆள் அழைத்தால் டீ, பிஸ்கட் வேண்டும். இதற்காக 9 நாள் தையல் வேலையை விட்டிருக்கிறார். நாளுக்கு 350 ரூபாய் கூலி போயிற்று. எல்லாவற்றையும் எழுதினோம்.

பொருள்: 4,500
டிக்கெட்: 600
ஆட்டோ: 740
டீ, பிஸ்கட்: 310
விட்ட கூலி: 3,150
மொத்தம்: 9,300 ரூபாய்

வரவைக் கழித்தோம். நஷ்டம் 6,980 ரூபாய். விற்காத பற்பசையை வீட்டில்தான் தேய்க்கிறார்கள். கடையில் அதைவிட மலிவாகக் கிடைக்கும்.

அக்கா தன் நாத்தனாரையும் சேர்த்துவிட்டார். அவருக்கும் பணம் போயிற்று. இப்போது நாத்தனார் வீட்டுக்கு வருவதில்லை. "இதை எந்த வரியில் எழுதுவது?" என்று அக்கா கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ஏன் பணம் வரவில்லை? ஒருவர் 6 பேரைச் சேர்க்க வேண்டும். அந்த 6 பேரும் ஆளுக்கு 6 பேரைச் சேர்த்தால் 36. அடுத்து 216. அடுத்து 1,296. இப்படியே போனால் ஒன்பதாவது படியில் ஒரு கோடிக்கு மேல் ஆள் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் பெங்களூரு மாநகர மக்கள் சுமார் 84 லட்சம்தான். கைக்குழந்தையைச் சேர்த்தாலும் போதாது! கடைசியில் சேர்ந்தவர்தான் எப்போதும் அதிகம். அவருக்குக் கீழே ஆள் இல்லை.

பெரிய கம்பெனிகள் மேலும் புகார் உண்டு. 2022 ஏப்ரலில் ஆம்வே இந்தியா நிறுவனத்தின் சொத்துகளை மத்திய அரசின் அமலாக்கத் துறை முடக்கியது. மதிப்பு சுமார் 757 கோடி ரூபாய். திண்டுக்கல் மாவட்டத்துத் தொழிற்சாலையும் அதில் ஒன்று. பொருளின் விலை மிக அதிகம், ஆள் சேர்ப்பதிலேயே கவனம் என்பது அந்தத் துறையின் குற்றச்சாட்டு. விசாரணைக்கு ஒத்துழைப்பதாக நிறுவனம் சொன்னது. அக்கா சேர்ந்தது வேறு கம்பெனி.

ஆள் சேர்த்துப் பணம் சுற்றும் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நேரடி விற்பனைக்கு 2021-இல் தனி விதிகள் வந்தன. அதன்படி, சேரக் கட்டணம் வாங்கக் கூடாது. கையெழுத்துப் போட்ட பிறகும், குறித்த நாட்களுக்குள் அபராதம் இல்லாமல் விலகலாம். எத்தனை நாள் என்பது ஒப்பந்தத் தாளில் இருக்கும்.

அக்காவின் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். நாள் கடந்துவிட்டது. நாங்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தோம். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். புகார் எண் கொடுத்தார்கள். அக்கா அதை நோட்டில், நஷ்டக் கணக்குக்குக் கீழே, தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.