பேஸ் கிதாரும் அதன் பெட்டியும் – ஓர் இயற்பியல் நோக்கு

ஆரணி என்றதும் எவருக்கும் பட்டுதான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டிலும் தறி உண்டு. ஆனால் நான் எழுதப் புகுவது பட்டைப் பற்றி அன்று. தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கும் ஒரு பேஸ் கிதாரைப் பற்றி. அது என் தாய்மாமாவுடையது. பகலெல்லாம் தறியில் உட்காருகிறவர், ஆடி பிறந்துவிட்டால் இரவில் மெல்லிசைக் குழுவோடு கிளம்பிவிடுவார். முப்பது ஆண்டுகளாக அதே கிதார்தான். கல்கத்தாவில் செய்த அதனைச் சென்னையில் பழைய விலைக்கு வாங்கினாராம். அதைவிட நல்லதொன்றை யாராவது நீட்டினாலும் தொடமாட்டார். அவருடைய தோழர்கள் நான்கு பேர் திண்ணையில் கூடினால் பேச்சு முழுவதும் எந்தக் கம்பி, எந்த ஆம்ப்ளிபயர், எத்தனை அங்குல ஸ்பீக்கர் என்பதே. பெண் பார்த்து வந்தவர்கள்கூட அவ்வளவு நுணுக்கமாகப் பேசமாட்டார்கள்.

இயற்பியல் மூன்றாமாண்டு மாணவனாகிய நான் இதனை வெறும் பித்து என்றே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தால் ஒரு தவறும் செய்தேன்.

சென்ற ஆடியில் எங்கள் தெரு மாரியம்மன் கோவில் கச்சேரிக்கு முதல் நாள், மாமா வெளியூர் போயிருந்தார். கிதாரில் கம்பிகள் கறுத்து, அழுக்கேறிக் கிடந்தன. பல ஆண்டுகளாக மாற்றாதவை. அவருக்கு மகிழ்ச்சியூட்டலாம் என்று புதுக் கம்பிகள் வாங்கி மாட்டினேன். பழைய கம்பிகளை எடுக்கும்போது பொறுமையின்றிக் கட்டிங் பிளேயரால் வெட்டியும் விட்டேன். மறுநாள் மேடையில் முதல் பாட்டிலேயே கிதார் கணீர் கணீர் என்று பாடகரின் குரலோடு போட்டியிட்டது. மாமா திரும்பி என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும், “மாப்ளே, நீ கம்பியை மாத்தல, என் கையை மாத்திட்ட” என்றார். அதன் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்த ஒரு வாரத்தில்தான் நான் பாடத்தைத் திரும்பப் படிக்கத் தொடங்கினேன்.

பேஸ் கிதார் வயதில் மிக இளைய கருவி. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951-ல் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற பெயரில் வெளியிட்ட கருவியே இன்றுள்ளவற்றுக்கெல்லாம் முன்மாதிரி. அதற்கு முன் ஆளுயரம் இருக்கும் டபுள் பேஸைத்தான் சுமந்து திரிந்தார்கள். இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண் அதன் நீளம், இழுவிசை, நீள் அடர்த்தி ஆகிய மூன்றையும் பொறுத்தது என்பதைச் சுரமானிச் சோதனை செய்த எவரும் அறிவர். நீளத்தைக் கூட்டாமல் சுரத்தைத் தாழ்த்த வேண்டுமானால் கம்பியைக் கனமாக்க வேண்டும். வெறும் தடித்த கம்பியோ விறைத்துக்கொண்டு சரியாக அதிராது. ஆகவே மெல்லிய எஃகுக் கம்பியின்மேல் மற்றொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். 34 அங்குல நீளத்தில் அந்தக் கனத்த கம்பி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. சாதாரணக் கிதாரின் மிகத் தாழ்ந்த சுரத்தில் இது சரிபாதி.

இந்தச் சுற்றில்தான் என் தவறு ஒளிந்திருந்தது. வாசிக்க வாசிக்க விரலின் வியர்வையும் எண்ணெயும் தூசியும் சுற்றுகளின் இடுக்குகளில் படிகின்றன. அதனால் அதிர்வு உள்ளுக்குள்ளேயே உராய்ந்து தேய்கிறது. விரைவாக அதிரும் மேற்சுரங்களே முதலில் மடிகின்றன. அடிச்சுரம் அவ்வளவாகக் குறைவதில்லை. எங்கள் ஆய்வகச் சுரமானியில் வெட்டுண்ட பழைய கம்பியையும் புதிய கம்பியையும் ஒரே நீளத்தில் மாறி மாறிக் கட்டி, மீட்டி, கைபேசியில் பதிவு செய்து நிறமாலையாக விரித்துப் பார்த்தேன். புதிய கம்பியில் மேற்சுரங்கள் பாவு இழைகள்போல வரிசையாக நின்றன. பழையதில் கீழேயுள்ள சிலவற்றைத் தவிர மற்றவை கணநேரத்தில் மறைந்தன. மாமா கேட்டதும் அதைத்தான். மேற்சுரங்கள் பாடகரின் குரல் உலவும் இடத்திற்கு வந்து நெருக்குவதில்லை.

இதில் மாமா தனியர் அல்லர். அமெரிக்காவில் மோடவுன் இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்துப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜேமர்சன் ஒரே ஆள்காட்டி விரலால் மீட்டியவர். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். 1983-ல் அவர் இறப்பதற்குச் சற்று முன் அவருடைய கிதார் களவு போயிற்று. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க் நகரில் வாங்கிய வயலின் வடிவ ஹோஃப்னர் கிதார் 1972-ல் திருடு போய், 51 ஆண்டுகளுக்குப் பின் அவரிடமே வந்து சேர்ந்தது. அச்செய்தி 2024-ல் வெளியானது. எத்தனையோ கிதார்கள் வாங்கக்கூடிய மனிதருக்கு அந்த ஒன்று ஏன் வேண்டியிருந்தது? முன்பு கேட்டிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. நாதஸ்வரக் கலைஞர் நரசிங்கம்பேட்டைக்குப் போய், பழைய வீடுகளில் நாள்பட்டுக் காய்ந்த ஆச்சா மரத்தில் கடைந்த குழலைத் தேர்ந்தெடுப்பதும், தமக்கேற்ற சீவாளியைப் பொத்திப் பாதுகாப்பதும் இதே வகை ஈடுபாடுதான். ஆனால் மரத்தைப் பற்றி மட்டும் நான் மாமாவோடு உடன்படமாட்டேன். பேஸ் கிதாரின் உடல் திண்மரம். அதில் ஒலியறை இல்லை. கம்பிக்கடியில் காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச்சுருளும் உள்ளன. எஃகுக் கம்பி அசைந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831-ல் ஃபாரடே கண்டதே இது. அந்தச் சுருள் எஃகின் அசைவைத்தான் அறியும். எங்கள் பட்டு இழையை முறுக்கேற்றிக் கட்டினால் காதுக்கு மெல்லக் கேட்கும். ஆம்ப்ளிபயருக்கோ அது ஊமை. மரத்தின் பங்கு உண்டென்றாலும், திண்ணையில் பேசும் அளவுக்கு இல்லை.

பெட்டி விஷயத்தில் அவர்கள் சொல்வது முழுக்க உண்மை. ஒரு சுரம் ஒரு ஸ்தாயி இறங்கினால், அதே ஒலியழுத்தத்தைத் தர ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். போதாக்குறைக்கு நம் செவியும் தாழ்ந்த சுரத்துக்கு மந்தமானது. 1000 அதிர்வில் மெல்லிய முணுமுணுப்பையும் பிடிக்கும் காது, 40 அதிர்வில் சுமார் 50 டெசிபெல் வந்த பிறகே விழிக்கிறது. அதனால்தான் 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. என்னும் பேஸ் ஆம்ப்ளிபயருக்கு 300 வாட் திறன் தேவைப்பட்டது. அதற்கு முன் 1952-ல் ஃபெண்டர் செய்த ‘பேஸ்மேன்’ பேஸுக்கென்றே பிறந்தும், மற்றக் கிதார்காரர்கள் அதன் ஒலியில் மயங்கித் தமதாக்கிக்கொண்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷலின் முதல் ஆம்ப்ளிபயரும் அதைப் பார்த்தே செய்யப்பட்டது.

41 அதிர்வுச் சுரத்தின் அலைநீளம் காற்றில் எட்டு மீட்டருக்கு மேல். இவ்வளவு நீண்ட அலை பெட்டியைச் சுற்றி எளிதாக வளையும். பெட்டியின் பின்புறம் திறந்திருந்தால் கூம்பின் பின்னிருந்து வரும் அலை முன்னலையோடு எதிர்க்கட்டத்தில் சேர்ந்து அதை அழித்துவிடும். மாமா உள்ளூர்த் தச்சரைக் கொண்டு 15 அங்குல ஸ்பீக்கருக்கு நாற்புறமும் அடைத்த பெட்டி செய்து, உள்ளே கழிவுப் பட்டு நூலைத் திணித்து வைத்திருக்கிறார். உள் எதிரொலியை அது உறிஞ்சும். எதிர்க்கட்டம் என்ற சொல் அவருக்குத் தெரியாது.

தெருக் கம்பத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியில் இந்த அடிச்சுரம் வரவே வராது. ஆயினும் மேற்சுரங்கள் சிலவற்றைக் கேட்டாலே, இல்லாத அடிச்சுரத்தை நம் செவி தானே நிரப்பிக்கொள்கிறது. தேநீர்க்கடை வானொலியில் ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) பாடல்களின் பேஸை நாம் தொடர முடிவதற்கு இதுவே காரணம். இளையராஜா தாமே கிதார் பயின்றவராதலால் பேஸுக்குத் தனிப் பாட்டுப்போலவே சுரம் எழுதினார். அவர் குழுவில் நெடுங்காலம் வாசித்தவர் சசிதரன். மாமா இக்கருவியை எடுத்ததே அந்தப் பாடல்களைக் கேட்டுத்தான்.

சோதனை முடிவை அவரிடம் காட்டினேன். நிறமாலைப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது எனக்கு முன்னாடியே தெரியும்” என்றார். பிறகு இருவருமாகச் சேர்ந்து, தட்டை நாடா சுற்றிய கம்பிகளைத் தபாலில் வரவழைத்தோம். அவற்றில் இடுக்குகள் குறைவு. தொடக்கத்திலேயே சற்று மந்தமாக ஒலிக்கும். கம்பியின் இரு நுனிகளிலும் வண்ண நூல் சுற்றியிருந்தது. இதனைப் பட்டு என்றே அத்தொழிலில் குறிப்பிடுகிறார்கள், இப்போது பெரும்பாலும் செயற்கை நூலாயினும். மாமா அதை நகத்தால் நெருடிப் பார்த்து, “பட்டு இல்ல” என்று உடனே சொல்லிவிட்டார்.

கம்பிகளை மாட்டி ஒருமுறை மீட்டினார். பரவாயில்லை என்றார். அவர் கைக்கு அது பழக இன்னும் இரண்டு ஆடி ஆகுமாம். அதுவரை அந்தக் கிதாரை நான் துடைக்கவும் கூடாது.